கம்யூனிட்டி காலேஜ் போர்டு பணத்தை எங்கே விடுகிறது? வெளியில் இருப்பவர் எப்படிப் பார்ப்பது? (கலிஃபோர்னியா)

வீட்டுவரி கேட்டது:

எங்கள் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருடப் பொதுக் கல்லூரி) டிஸ்ட்ரிக்ட் வரும் தேர்தலில் பெரிய பாண்டு (கட்டடங்களுக்காக வாங்கி, வீட்டு வரியில் அடைக்கும் கடன்) ஒன்றை ஓட்டுக்கு விடுகிறது. போர்டில் ஏழு டிரஸ்டிகள் (தேர்தலில் ஜெயித்த உறுப்பினர்கள்). "கட்டட வேலை எல்லாம் வேண்டியவர்களுக்கே போகிறது, சான்ஸ்லர் (டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை நிர்வாகி) ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள்" என்கிறது ஒரு தரப்பு. "எல்லா ஆடிட்டும் சுத்தம்" என்கிறது போர்டு. இரண்டு பேர் சொல்வதையும் ஓரமாக வைத்துவிட்டுக் காகிதத்தைப் பார்க்க நினைக்கிறேன்.

எதில் தொடங்குவது? பாண்டு பிரச்சாரத்துக்குப் பணம் கொடுத்த கம்பெனிக்கே பிறகு வேலை கொடுத்தால் அது சட்டப்படி தப்பா? கிரீன் கார்டு ஆளுக்கு ஓட்டு இல்லை, வீட்டு வரி மட்டும் உண்டு. ஆவணம் கேட்கும் உரிமையாவது இருக்கிறதா?

---

கணக்குப்பிள்ளை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: உண்டு. கலிஃபோர்னியா பொது ஆவணச் சட்டம் "யாராக இருந்தாலும்" என்றுதான் சொல்கிறது. குடியுரிமை, முகவரி, எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணம் எதுவும் தேவையில்லை. போர்டு கூட்டத்தில் பேசவும் அப்படித்தான். பேசுவதற்குப் பெயரைப் பதிந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.

"ஆடிட் சுத்தம்" என்ற பேச்சுக்கு வருவோம். 2000இல் மக்கள் வாக்கில் வந்த புரோப்பசிஷன் 39 என்ற சட்டம், பாண்டு ஜெயிக்கத் தேவையான வாக்கை மூன்றில் இரண்டு பங்கிலிருந்து 55 சதவீதமாக இறக்கியது. பதிலுக்குச் சில நிபந்தனைகள்: என்னென்ன வேலை என்று பட்டியல், ஆசிரியர், நிர்வாகிகள் சம்பளத்துக்கோ அன்றாடச் செலவுக்கோ அந்தப் பணம் போகக் கூடாது, ஆண்டுதோறும் ஒரு நிதித் தணிக்கை, ஒரு செயல்பாட்டுத் தணிக்கை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். செயல்பாட்டுத் தணிக்கை பெரும்பாலும் பணம் பட்டியலில் உள்ள வேலைக்குத்தான் போனதா என்பதோடு நின்றுவிடும். 60 லட்சம் டாலர் வேலையை 40 லட்சத்துக்கு முடித்திருக்க முடியாதா, ஏன் இந்தக் கம்பெனி என்று ஆடிட்டர் கேட்கமாட்டார். அதனால் ஆடிட் சுத்தமாகவும் இருக்கும், வேலை வேண்டியவருக்குப் போயும் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

வரிக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்யூனிட்டி காலேஜ் டிஸ்ட்ரிக்ட்டுக்கு வரம்பு ஒரு லட்சம் டாலர் சொத்து மதிப்பீட்டுக்கு ஆண்டுக்கு 25 டாலர். 8 லட்சம் மதிப்பீட்டு வீட்டுக்கு 200. ஆனால் இந்த வரம்பு ஒவ்வொரு தேர்தலுக்கும் தனித்தனி, அதுவும் பாண்டு விடும்போது போடும் மதிப்பீடுதான். பழைய பாண்டின் வரி முடியும் முன்பே புதியது மேலே ஏறி உட்காரும். லாஸ் ஏஞ்சலஸ் டிஸ்ட்ரிக்ட் 2001, 2003, 2008, 2016, 2022 என்று ஐந்து முறை வாங்கியது. கூட்டினால் 14 பில்லியன் டாலருக்கு மேல். முதல் மூன்றும் சேர்ந்து 5.7 பில்லியன். அந்தக் கட்டட வேலைகளில் நடந்த வீணடிப்பையும் மோசமான வேலைத் தரத்தையும் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் 2011இல் தொடராக எழுதியது, அதே ஆண்டில் கட்டடத் திட்டத்தின் தலைவர் வேலையை இழந்தார்.

பணம் கசியும் இடம் டெண்டர் இல்லை. டெண்டர் இல்லாத இடம்.

ஆர்க்கிடெக்ட், எஞ்சினீயர், கட்டுமான மேலாளர் ஆகியோரை விலையை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம், திறமையை வைத்துத்தான் என்கிறது அரசுச் சட்டம் 4526. இது நியாயமான விதிதான், மலிவான ஆர்க்கிடெக்ட் கடைசியில் மலிவாக முடியமாட்டார். ஆனால் நடைமுறையில் பத்துப் பதினைந்து கம்பெனிகளைத் "தகுதி பெற்றவை" என்று ஒரு குளத்தில் போட்டு, அதைப் போர்டு ஒரே தீர்மானத்தில் அங்கீகரிக்கும். அதற்குப் பிறகு வேலை உத்தரவு ஒவ்வொன்றும் யாருக்குப் போகிறது என்பதற்குப் போட்டியே கிடையாது. அங்கேதான் பாருங்கள். குளத்தில் 12 பேர், வேலையில் முக்கால் பங்கு 2 பேருக்கு என்றால் காரணம் கேட்கலாம்.

இரண்டாவது, துண்டு போடுவது. பொருளும் சேவையும் வாங்கப் பொது ஒப்பந்தச் சட்டம் 20651இன்படி டெண்டர் வரம்பு உண்டு (அதற்கு மேல் போனால் டெண்டர் கட்டாயம்), ஆண்டுதோறும் திருத்துவார்கள், 2024இல் 1,14,500 டாலர். ஒரே கம்பெனிக்கு 1,09,000, 1,12,000, 98,000 என்று அடுத்தடுத்த மாதங்களில் பர்ச்சேஸ் ஆர்டர் போயிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். டெண்டரைத் தவிர்க்க வேலையைப் பிரிப்பது சட்டவிரோதம்.

மூன்றாவது, சேஞ்ச் ஆர்டர் (வேலை நடக்கும்போது ஒப்பந்தத்தை மாற்றுவது). மூல ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் வரை மறு டெண்டர் இல்லாமல் ஏற்றலாம் (சிறிய வேலை என்றால் டெண்டர் வரம்புத் தொகை வரை). 9.6, 9.8 என்று முடியும் திட்டங்கள் வரிசையாக வந்தால், குறைவாகக் கோட் செய்துவிட்டுப் பிறகு ஏற்றிக்கொள்ளும் ஆள் ஒருவர் இருக்கிறார், அல்லது வரைபடம் அரைகுறையாக டெண்டருக்குப் போகிறது. இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது. அதில் திருட்டு கிடையாது, திறமைக் குறைவுதான்.

நான்காவது, வேறொரு அரசு அமைப்பு போட்ட ஒப்பந்தத்தின் முதுகில் ஏறி வாங்குவது (20652). நாற்காலி, மேஜை, தரைவிரிப்பு, கணினி எல்லாம் இப்படித்தான் வரும். சட்டபூர்வமானது, வசதியானது. உள்ளூரில் விலை விசாரித்தார்களா என்று மட்டும் கேளுங்கள்.

தொடங்க மூன்று பட்டியல் போதும்:

அ) இரண்டு நிதியாண்டுக்கான வாரண்டு பட்டியல் (டிஸ்ட்ரிக்ட் யாருக்கெல்லாம் பணம் கொடுத்தது என்ற பட்டியல்). நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. தேதி, பெறுபவர், தொகை, நிதி எண், செலவு இன எண், பர்ச்சேஸ் ஆர்டர் எண் ஆகியவற்றை எக்செல் கோப்பாகவே கேளுங்கள். அவர்களிடம் மின்னணுக் கோப்பாக இருந்தால் அப்படியே தர வேண்டும், 900 பக்கம் பிடிஎஃப் தந்தால் திருப்பிக் கேட்கலாம். செலவு இனம் 1000, 2000 சம்பளங்கள், 3000 சலுகைகள், 4000 பொருள், 6000 கட்டடமும் கருவியும். 5000தான் சுவாரசியம்: ஆலோசகர், வக்கீல், பயணம், மாநாடு, உறுப்பினர் கட்டணம், விளம்பரம் எல்லாம் அங்கே.

ஆ) ஒவ்வொரு டிரஸ்டியின் படிவம் 460 (பிரச்சார நன்கொடைக் கணக்கு), கூடவே பாண்டு ஆதரவுக் குழுவின் 460. கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் கிடைக்கும். 100 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்கள் பெயர், தொழில், வேலை செய்யும் இடத்தோடு இருப்பார்கள். தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் வரும் 1,000 டாலரும் அதற்கு மேலுமான தொகை 24 மணி நேரத்துக்குள் படிவம் 497இல் வரும்.

இ) டிரஸ்டிகள், சான்ஸ்லர், கட்டடப் பொறுப்பு அதிகாரி ஆகியோரின் படிவம் 700 (சொந்தப் பண நலன்களைச் சொல்லும் அறிக்கை). ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு 50 டாலரும் அதற்கு மேலும் பரிசாக வந்திருந்தால் எழுத வேண்டும்.

அ-வையும் ஆ-வையும் பெயர் வைத்துப் பொருத்தும்போது கம்பெனிப் பெயரை மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். காசோலை பங்குதாரர் பெயரில் வந்திருக்கும், "வேலை செய்யும் இடம்" கட்டத்தில்தான் கம்பெனி தெரியும்.

---

மூன்றாம் பெஞ்ச்:

பாண்டுக்குப் பணம் கொடுத்தவருக்கே வேலை என்ற கேள்விக்கு. பலர் இங்கே குழம்புகிறார்கள். இரண்டு பைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

டிரஸ்டியின் சொந்தப் பிரச்சாரப் பை: லெவின் சட்டம், அரசுச் சட்டம் 84308. முன்பு தேர்தலில் ஜெயித்து வந்த உள்ளூர் போர்டுகளுக்கு இது பொருந்தாது. 2023 ஜனவரி முதல் பொருந்துகிறது. முந்தைய 12 மாதத்தில் 250 டாலருக்கு மேல் கொடுத்த கம்பெனியின் ஒப்பந்தம் மேஜைக்கு வந்தால், அந்த டிரஸ்டி அதைப் பதிவில் சொல்லிவிட்டு விலக வேண்டும். விவரம் தெரிந்த 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கலந்துகொள்ளலாம். முடிவுக்குப் பின் 12 மாதமும் வாங்கக் கூடாது. போட்டி டெண்டரில் வந்த ஒப்பந்தத்துக்கு இது பொருந்தாது. குளத்திலிருந்து கொடுக்கும் ஆர்க்கிடெக்ட் வேலைக்குப் பொருந்தும்.

பாண்டு ஆதரவுக் குழுவின் பை: வரம்பே இல்லை. ஆர்க்கிடெக்ட், கட்டுமான மேலாளர், பாண்டு விற்கும் வங்கி எல்லாரும் எவ்வளவும் போடலாம். டிரஸ்டிக்கு ஆயிரம் டாலர் கொடுப்பதைவிட இந்தப் பையில் 25,000 போடுவது அவர்களுக்குப் பாதுகாப்பானது. ஜெயித்த பிறகு அதே பெயர்கள் ஒப்பந்தப் பட்டியலில் வருவது தானாகவே குற்றம் ஆகாது. ஆனால் பேரமாக இருந்தால் ஆகும். 2016 ஜனவரியில் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் இது பற்றி ஒரு கருத்துரையே கொடுத்திருக்கிறது: பாண்டு விற்கும் வேலையைத் தருகிறேன், பதிலுக்குப் பிரச்சார வேலையைச் செய்து கொடு என்று டிஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் போட்டால், அது பொதுப் பணத்தைப் பிரச்சாரத்துக்குச் செலவிட்டதற்குச் சமம்.

ஆகவே தேதியைப் பாருங்கள். வங்கியோடும் ஆலோசகரோடும் டிஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் போட்டது தேர்தலுக்கு முன்பா பின்பா? முன்பே போட்டு, "பாண்டு தோற்றால் கட்டணம் இல்லை" என்று எழுதியிருந்தால், அந்தக் கம்பெனிக்குப் பாண்டு ஜெயிப்பதில் நேரடி லாபம் இருக்கிறது. ஒப்பந்தத்தின் வேலை விவரப் பக்கத்தில் கருத்துக்கணிப்பு, "சமூகத் தொடர்பு", அஞ்சல் அட்டை என்று எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டிஸ்ட்ரிக்ட் தகவல் தரலாம், "ஆதரியுங்கள்" என்று சொல்லக் கூடாது. கல்விச் சட்டம் 7054. நடைமுறையில் எல்லா அட்டையும் இந்தக் கோட்டின் மேலேயே நடக்கும்: "வாக்களியுங்கள்" என்ற சொல் மட்டும் இருக்காது, ஒழுகும் கூரையின் படம் இருக்கும்.

---

கோணல்கோடு:

@மூன்றாம் பெஞ்ச் ஒரு திருத்தம். 250 என்பது பழைய தொகை. 2025 ஜனவரி முதல் 500 டாலர். அந்தத் திருத்தத்தில் 50,000 டாலருக்குக் குறைவான ஒப்பந்தங்களையும் விலக்கிவிட்டார்கள். துண்டு போடுகிறவர்களுக்கு இன்னொரு எண் கிடைத்தது.

---

வீட்டுவரி:

மிகவும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. ஒரு டிரஸ்டிக்குப் பங்கு இருக்கும் ஆலோசனைக் கம்பெனிக்கு வேலை போயிருப்பதாகச் சொல்கிறார்கள். மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) பார்த்தால் அவர் ஓட்டுப் போடாமல் விலகியிருக்கிறார். அப்படியானால் சரிதானே? இன்னொன்று, சான்ஸ்லர் ஒப்பந்தத்தை எப்போதும் மூடிய கூட்டத்தில் முடித்துவிட்டு வந்து ஓட்டுப் போடுகிறார்கள்.

---

மினிட்ஸ்:

முதல் விஷயத்தில், விலகியதால் சரியாகிவிடாது. இரண்டு சட்டம் இருக்கிறது, போர்டு உறுப்பினர்களே இதில் வழுக்கி விழுவார்கள்.

அரசியல் சீர்திருத்தச் சட்டத்தின்படி சொந்த நலன் இருந்தால் சொல்லிவிட்டு, விலகி, அறையை விட்டு வெளியே போனால் போதும், மற்றவர்கள் ஓட்டுப் போடலாம். அரசுச் சட்டம் 1090 அப்படி இல்லை. அது ஒப்பந்தத்தைப் பற்றியது. ஒரு உறுப்பினருக்குப் பண நலன் இருந்தால் மொத்தப் போர்டும் அந்த ஒப்பந்தத்தைச் செய்யக் கூடாது. அவர் எழுந்து பார்க்கிங்கில் போய் நின்றாலும் ஒப்பந்தம் செல்லாது. செல்லாத ஒப்பந்தத்தில் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம், செய்த வேலைக்கு ஈடு என்று கம்பெனி வைத்துக்கொள்ளவும் முடியாது. தெரிந்தே செய்திருந்தால் குற்ற வழக்கும் உண்டு.

விதிவிலக்குகள் இருக்கின்றன. லாப நோக்கக் கம்பெனியில் 3 சதவீதத்துக்குக் குறைவான பங்கு, அதன் ஈவுத்தொகை அவருடைய ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்குள், அந்தக் கம்பெனி தரும் வேறு பணமும் 5 சதவீதத்துக்குள் என்றால் நலனே இல்லை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இன்னும் சிலவற்றைத் "தொலைதூர நலன்" என்று பட்டியலிட்டிருக்கிறது. அவற்றில் மட்டும்தான் வெளிப்படுத்திவிட்டு விலகினால் போதும். ஆகவே மினிட்ஸில் "விலகினார்" என்று மட்டும் இருந்தால் போதாது: எந்தப் பிரிவின் கீழ், என்ன நலன் என்று இருக்கிறதா? படிவம் 700இல் பங்கின் அளவு எந்தக் கட்டத்தில் டிக் ஆகியிருக்கிறது? டிஸ்ட்ரிக்ட் வக்கீல் எழுத்தில் கருத்துக் கொடுத்தாரா? அந்தக் கருத்து வக்கீல் ரகசியம் என்பார்கள், ஆனால் எஃப்பிபிசியிடம் (பிரச்சாரப் பணம், நலன் மோதல் விதிகளைக் கவனிக்கும் மாநில ஆணையம்) ஆலோசனைக் கடிதம் வாங்கியிருந்தால் அது பொது ஆவணம். வாங்கியிருக்கிறார்களா என்று எஃப்பிபிசி தளத்தில் டிஸ்ட்ரிக்ட் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

இரண்டாவது விஷயம், பிரவுன் சட்டம் (உள்ளூர் போர்டுகளின் திறந்த கூட்ட விதிகள்). சாதாரணக் கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பும் சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பும் அஜெண்டா ஒட்ட வேண்டும். சான்ஸ்லரின் வேலையை மதிப்பிடுவது மூடிய கூட்டத்தில் நடக்கலாம். சம்பளம் பற்றிப் பேரம் பேசும் பிரதிநிதிக்கு அறிவுரை சொல்லவும் மூடலாம். இறுதி ஓட்டு மட்டும் திறந்த, சாதாரணக் கூட்டத்தில்தான். உயர் அதிகாரியின் சம்பளத்தைச் சிறப்புக் கூட்டத்தில் வைக்கவே கூடாது. ஓட்டுக்கு முன் சம்பளம், சலுகைகளின் சுருக்கத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அஜெண்டாவில் இணைப்பு இருப்பது போதாது. வீடியோவைப் போட்டுப் பாருங்கள், இதைத்தான் அதிகம் மறப்பார்கள். கன்சென்ட் அஜெண்டாவில் (விவாதமில்லாமல் ஒரே ஓட்டில் முடிக்கும் பட்டியலில்) முப்பது விஷயங்களோடு ஒன்றாகச் சான்ஸ்லர் திருத்த ஒப்பந்தம் ஓடியிருந்தால் அங்கே நிறுத்துங்கள்.

மீறல் என்று பட்டால் "திருத்திச் செய்யுங்கள்" என்று எழுத்தில் கேட்க வேண்டும். திறந்த கூட்டத்தில் அஜெண்டா விதியை மீறி எடுத்த முடிவு என்றால் 30 நாளுக்குள், மற்றவற்றுக்கு 90 நாளுக்குள். போர்டுக்கு 30 நாள் அவகாசம். அதன் பிறகு வழக்குப் போட உங்களுக்கு 15 நாள்தான். இந்த 15இல்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

ஆவணம் கேட்டால் 10 நாளில் "இருக்கிறது, தருகிறோம், அல்லது இந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறோம்" என்று பதில் வர வேண்டும், இன்னும் 14 நாள் நீட்டலாம். 10 நாளில் கோப்பே கைக்கு வரும் என்று நினைக்காதீர்கள். "எல்லா மின்னஞ்சலும்" என்று கேட்டால் ஆறு மாதம் இழுக்கும். இன்னார் இன்னாருக்கு, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்தக் கம்பெனிப் பெயர் வரும் மின்னஞ்சல்கள் என்று கேளுங்கள். டிரஸ்டியின் சொந்த ஜிமெயில், செல்போன் குறுஞ்செய்தியையும் சேர்த்து எழுதுங்கள். பொது வேலை சம்பந்தமாக இருந்தால் அவையும் பொது ஆவணம்தான் என்று மாநில உச்ச நீதிமன்றம் சான் ஹோசே நகர வழக்கில் 2017இல் தீர்த்துவிட்டது.

---

கோணல்கோடு:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் காகிதத்தை மட்டும் பார்த்தால் இந்தப் போர்டுகளின் அரசியல் பிடிபடாது.

டிரஸ்டியின் மாதச் சன்மானம் பல டிஸ்ட்ரிக்ட்களில் சில நூறு டாலர்தான். பெரிய விஷயம் சிலவற்றில் கிடைக்கும் மருத்துவக் காப்பீடும், அடுத்த பதவிக்கு ஏணியும். ஓட்டுச்சீட்டில் கடைசிப் பக்கத்தில் வரும் தேர்தல், பலர் அந்தக் கட்டத்தை நிரப்புவதே இல்லை. ஆகவே சில ஆயிரம் அஞ்சல் அட்டைக்கு யார் பணம் கொடுக்கிறாரோ அவர் கை ஓங்கும். கொடுப்பது கட்டட கம்பெனிகளும் ஆசிரியர் சங்கமும். சங்கத்தின் ஆதரவில் ஜெயித்தவர் அதே சங்கத்தோடு சம்பளம் பேச உட்காருகிறார். லெவின் சட்டம் தொழிலாளர் ஒப்பந்தத்தைத் தொடாது. ஒப்பந்தக்காரர் பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறவர்களிடம் இதையும் கேளுங்கள், நேர்மாறாகவும் கேளுங்கள்.

சங்கம் தரப்பில் நியாயமான ஆயுதம் ஒன்று உண்டு: 50 சதவீத விதி. நடப்புக் கல்விச் செலவில் பாதி வகுப்பறை ஆசிரியர் சம்பளத்துக்குப் போக வேண்டும் (கல்விச் சட்டம் 84362). ஆலோசகர், வக்கீல், துணைத் தலைவர் பதவிகள் எல்லாம் மறு பாதியில். 50.2, 50.1 என்று விளிம்பில் நிற்கும் டிஸ்ட்ரிக்ட்டில் 5000 இனமும் நிர்வாகிகள் எண்ணிக்கையும் வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மாணவர் ஆலோசகர்களும் நூலகர்களும்கூட அந்த மறு பாதிதான் என்பதால், எண் மோசமாக இருந்தாலே ஊதாரித்தனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கணக்கு மாநிலத்துக்குப் போகும் சிசிஎஃப்எஸ்-311 அறிக்கையில் இருக்கிறது.

போர்டு கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம். காம்ப்டன் கல்லூரி 2006இல் அங்கீகாரத்தையே இழந்தது, எல் கமினோ கல்லூரியின் கிளையாகப் பதினோரு வருடம் ஓடி 2017இல்தான் மீண்டது. சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜில் 2013இல் அங்கீகாரத்தை ரத்து செய்கிறோம் என்றது அங்கீகார ஆணையம், போர்டு அதிகாரத்தை ஒரு சிறப்பு டிரஸ்டியிடம் கொடுத்தார்கள். (அந்த ஆணையமும் விதியை மீறியது என்று பிறகு நீதிமன்றம் சொன்னது வேறு கதை.) இரண்டிலும் பணம் யார் பைக்குப் போனது என்பதைவிட, போர்டு கணக்கைக் கட்டுக்குள் வைக்கவில்லை என்பதுதான் கல்லூரியை உலுக்கியது.

ஊழலைக் கழுவ வந்தவர்கள் அவசரப்பட்டாலும் செலவுதான். இல்லினாயில் காலேஜ் ஆஃப் டுபேஜ் பாருங்கள். 2015 ஜனவரியில் போர்டு, கல்லூரித் தலைவருக்கு (அங்கே பதவிப் பெயர் பிரெசிடென்ட்) சுமார் 7,63,000 டாலர் விலகல் தொகை என்று தீர்மானம் போட்டது. ஊர் கொதித்தது, ஏப்ரல் தேர்தலில் புதியவர்கள் வந்தார்கள், அக்டோபரில் அவரைப் பைசா இல்லாமல் வேலையை விட்டு நீக்கினார்கள். பழைய போர்டு தன் பதவிக்காலத்தைத் தாண்டி ஒப்பந்தம் போட முடியாது, அதனால் செல்லாது என்பது அவர்கள் வாதம். 2018இல் ஏழாவது சர்க்யூட் (கூட்டாட்சி மேல்முறையீட்டு) நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, வழக்கு தொடரலாம் என்றது. நடுவில் 2015 டிசம்பரிலேயே அங்கீகார அமைப்பு கல்லூரியைக் கண்காணிப்பில் வைத்தது. இதற்கிடையே மாநிலமே சட்டம் போட்டு ஒப்பந்தத்தை 4 வருடத்துக்கும் விலகல் தொகையை ஒரு வருட சம்பளத்துக்கும் சுருக்கியது.

கலிஃபோர்னியாவில் சான்ஸ்லர் ஒப்பந்தம் 4 வருடம் வரை, விலகல் ரொக்கம் மிச்ச மாதங்கள் அல்லது 18 மாதச் சம்பளம், எது குறைவோ அது. ஆண்டுதோறும் நீட்டினால் மிச்சம் எப்போதும் 18க்கு மேலேயே நிற்கும். வீட்டுவரி சொன்ன "நீட்டிக்கொண்டே போவது" ஏன் என்று இப்போது தெரியும். அடுத்த போர்டு அவரை அனுப்பினால் முழுத் தொகை.

---

கணக்குப்பிள்ளை:

ஒன்று விட்டுப்போனது. பாண்டு மேற்பார்வைக் குழு. குறைந்தது 7 பேர், தேர்தல் முடிவு பதிவான 60 நாளுக்குள் அமைக்க வேண்டும். டிஸ்ட்ரிக்ட் ஊழியர், அதிகாரி, விற்பனையாளர், ஆலோசகர், ஒப்பந்தக்காரர் இருக்கக் கூடாது. வணிக அமைப்பு, முதியோர் அமைப்பு, வரி செலுத்துவோர் சங்கம், மாணவர், கல்லூரி ஆதரவு அமைப்பு ஆகியவற்றிலிருந்து தலா ஒருவர் கட்டாயம். நியமிப்பது போர்டு, அதுதான் கோளாறு. ஏற்கெனவே பழைய பாண்டு இருந்தால் அந்தக் குழுவின் மினிட்ஸைப் பாருங்கள்: கோரம் இல்லாமல் எத்தனை கூட்டம் ரத்து, வரி செலுத்துவோர் சங்க இடம் எத்தனை மாதம் காலி. தணிக்கை அறிக்கை மார்ச் 31க்குள் அவர்கள் கைக்கு வர வேண்டும். ஜூன் மாத மினிட்ஸில்தான் அதைப் பற்றி முதல் பேச்சு என்றால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

பொருந்தாதது ஏதாவது கிடைத்தால் கவுண்டி சிவில் கிராண்ட் ஜூரிக்கு (உள்ளூர் அரசு அமைப்புகளை விசாரிக்கும் குடிமக்கள் குழு) எழுதலாம். புகார் ரகசியமாக இருக்கும். அவர்கள் அறிக்கை வெளியிட்டால் போர்டு 90 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும். வாரண்டு பட்டியலின் எந்த வரி, எந்தப் படிவத்தின் எந்தப் பக்கம் என்று இணைத்து அனுப்புங்கள். "ஊழல் நடக்கிறது" என்று இரண்டு பக்கம் எழுதினால் அது அலமாரியில்தான் இருக்கும்.